நாலாவது குரல்

அவர் குரலை நான் முதன்முதலில் கவனித்தது, அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் அப்போது பதினெட்டுப் பேர் இருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். பெண்குரலில் தனியாகப் பாடவேண்டிய பகுதிகளையெல்லாம் எனக்குத்தான் கொடுப்பார்கள். அன்று நான் நன்றாகத்தான் பாடினேன். மற்றவர்களும் எதுவும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் தரையில் கால் பாவாமல் நடப்பது போல இருந்தது. பூசை முடிந்து படியிறங்கும்போது, என் பக்கத்தில் நின்று பாடும் அருள் சொன்னான்: "பஸ் அண்ணன் வரல, கவனிச்சியா? இன்னிக்கு டூட்டியாம்."

அதுவரை அவர் பாடுகிறார் என்பதே எனக்கு உறைத்ததில்லை. கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நிற்கும் ஓர் ஆள். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அவர் பஸ் அண்ணன். மாநகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை. பாடுவது 'பேஸ்' என்கிற அடிக்குரல். இந்த இரண்டில் எதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று யாரும் யோசித்ததில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு. மேலுதட்டிலும் மூக்கைச் சுற்றியும் வெண்புள்ளி படர்ந்திருக்கும். எங்கே நின்றாலும் மூன்றடி தள்ளித்தான் நிற்பார். முகத்தை நினைத்துத்தான் அப்படி ஒதுங்குகிறார் என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருந்தோம். நாங்களே அப்படி நினைத்துக்கொண்டோமே தவிர, அவரைக் கேட்டதில்லை. நெடுநாள் கழித்து ஒருமுறை கேட்டபோது, "முன்னால நின்னா என் குரல்தான் எனக்குக் கேக்கும். பின்னால நின்னாத்தான் நீங்கல்லாம் கேப்பீங்க," என்றார்.

அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்கள் சொல்லலாம்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழுவானது திட்டமிட்டு நடந்ததல்ல. குழுவில் இரண்டாம் குரல் பாடிய ஸ்டெல்லாவின் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த ஒரு கேசட்டில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் நாலைந்து பேர் வாத்தியமே இல்லாமல் பாடியிருந்தார்கள். ஒருவன் பாட்டைப் பாட, மற்றவர்கள் அடியில் 'டூ-வாப், டூ-வாப்' என்று வாயாலேயே தாளமும் சுருதியும் கட்டுவார்கள். அந்த வகைப் பாட்டுக்கே அதுதான் பெயர் என்றார் சித்தப்பா. நானும் ஸ்டெல்லாவும் அருளும் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். பஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கேசட்டை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த அர்த்தமில்லாத வார்த்தைய பாடிக்கினு கீறான் பாரு, அவன்தான் மொத்தப் பாட்டையும் தோள்ல தூக்கி வெச்சிக்கினு கீறான். மேல பாடறவனுக்கு அது தெரியவே தெரியாது," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த மாதமே மயிலாப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் நாலு பேரையும் பாட அழைத்திருந்தார்கள். முந்நூறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியக்காரர்களின் வேன் கிண்டியில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் அதற்குள். பெண்ணின் அப்பா எங்களிடம் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"இப்ப என்னண்ணே பண்றது?" என்றேன்.

"இன்னா பண்றதா? நாலு வாயி கீதில்ல? நீ பாடு பிலோ. கீழ நான் பாத்துக்கறேன்."

மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அவர் ஆரம்பித்தார். டும்… டும்… டுபுடும். முன்வரிசையில் இருந்த ஒருவர் வாத்தியம் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அருளும் ஸ்டெல்லாவும் நடுவில் சேர்ந்துகொண்டார்கள். நான் பல்லவியை எடுத்தபோது, நடந்துபோய்ப் பாடுவதற்கும் யாரோ தூக்கிக்கொண்டு போக உட்கார்ந்து பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் பாடினோம். வேன் வந்து சேர்ந்தபோது பெண்ணின் அப்பாவே வாசலுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு மட்டும் போகச் சொன்னார்.

அதன் பிறகு மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்தச் சபைக் கல்யாணம் என்றாலும் 'வாய் ஆர்கெஸ்ட்ரா'வைக் கூப்பிடு என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒத்திகைக்கு அவர் காக்கிச் சட்டையோடு, தோளில் பையோடு வருவார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருப்பார். நாங்கள் ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: "வாய தொறக்கறதுக்கு முன்ன காத தொறங்க." பாட்டு நடக்கும்போது அவர் கண் எங்கள் வாயைப் பார்க்காது. எங்கள் தோளைப் பார்க்கும். யாருக்கு மூச்சு முட்டப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் அவர் குரல் வந்து நின்றிருக்கும். நாங்கள் திரும்ப வந்ததும் ஒரு வார்த்தை இல்லாமல் தன் இடத்துக்கு இறங்கிவிடுவார்.

ஸ்டெல்லாவின் அப்பா இறந்தபோது அடக்கப் பூசையில் அவளே பாடுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். இரண்டாவது வரியிலேயே அவளுக்குக் குரல் உடைந்தது. நான் எடுத்துப் பாடியிருக்கலாம், ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவளுடைய ராகத்தைப் பஸ் அண்ணன் கீழ் ஸ்தாயியில் எடுத்தார். மேலே யாரும் இல்லாமல், அடிக்குரல் மட்டும், அவள் அழுது முடிக்கும்வரை நடந்துகொண்டே இருந்தது. கடைசிச் சரணத்தில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவர் உடனே இறங்கிக்கொண்டார். வெளியே வந்தபின் ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்தபோது, "நீதான் பாடின. நான் இன்னா பண்ணேன்?" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

சினிமாவில் கோரஸ் பாடப் போகத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். வடபழனி பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்கள். ஹம்மிங், ஆரவாரம், கூட்டக் குரல் எல்லாம் எங்கள் வேலை. ஒருநாள் இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "பின்னால நிக்கிறவர் யாருய்யா? அவர் மட்டும் ஒரு தடவை பாடட்டும்," என்றார். படகுக்காரன் பாடுகிற மாதிரி நாலு வரி. தனிக் குரல்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரை மட்டும் அறைக்குள் நிறுத்தி, ஹெட்போனை மாட்டினார்கள். ஒரு டேக் போனது. இரண்டாவதும் போனது. அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், அவங்க மூணு பேரும் உள்ள வரட்டும் சார். பாட வேணாம். சும்மா நிக்கட்டும்," என்றார்.

ஒலிப்பதிவாளர் சிரித்தார். இசையமைப்பாளர் சிரிக்காமல் கையசைத்தார். நாங்கள் உள்ளே போய் அவருக்கு மூன்றடி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அவர் பாடினார். அந்த நாலு வரியை இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியும், ஆனால் பாட முடியாது.

கேசட் வந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. நான்தான் கொதித்தேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அண்ணிக்கு இருந்தது. அவருடைய மனைவியைத்தான் அண்ணி என்கிறேன். பக்கத்துப் பள்ளியில் ஆயா வேலை பார்த்தவர். கேசட்டை வாங்கி மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி போட்டுவிட்டு, அந்த நாலு வரி வரும்போது மட்டும் எல்லோரையும் பேச விடமாட்டார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "கொரலு வந்துச்சு பிலோ. மூஞ்சி எப்ப வரும்? இந்த மூஞ்சிக்கு எதுக்கு கல்யாணம்னு கேட்டவங்கல்லாம் இன்னும் உயிரோடதான் கீறாங்க."

"மைக்குக்குக் கண்ணு கெடையாது. அதான் எனக்கு வசதி," என்று அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நீ சும்மா கெட," என்றார் அண்ணி.

இப்படியே பதினைந்து வருடம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி, பள்ளியில் வேலை நிலைத்து, பிள்ளைகள் பெரிதாகி, முப்பத்தெட்டு வயது வந்துவிட்டது. சின்ன வயதில் என்னோடு போட்டியில் பாடித் தோற்றவர்களெல்லாம் மேடையில் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்று ஒன்று வரும் என்ற நினைப்பை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு தொலைக்காட்சியில் குழுப் பாடகர்களுக்கான போட்டி அறிவித்தார்கள். தி.நகரில் ஒரு மாடியில் தேர்வு. நாலு பேரும் போய்ப் பாடினோம். எடுத்த எடுப்பிலேயே தேர்வானோம் என்றார்கள். அண்ணி பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டார். படப்பிடிப்பு நாளுக்காகப் பஸ் அண்ணன் இன்னொரு கண்டக்டரிடம் பேசி டூட்டியை மாற்றி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எனக்கு மட்டும் போன் செய்தார். சின்னப் பையன்தான். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், குரூப் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அந்தப் பெரியவர் மட்டும் வேணாமே."

"ஏன் சார்?"

"க்ளோசப் வைக்க முடியாது மேடம். முகத்துல அது… உங்களுக்கே புரியும். அவர் பண்றத நாங்க கீபோர்டுல போட்டுக்கறோம். மூணு பேரா வந்தீங்கன்னா ஓகே. இல்லேன்னா வெயிட்டிங்ல இன்னொரு குரூப் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரையும் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "சரி சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. அப்போதும் திருப்பிக் கூப்பிடவில்லை.

அருள் கோபப்பட்டான். ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டான். ஸ்டெல்லா அழுதாள். கடைசியில் இருவரும், "நீயே அவர்கிட்ட சொல்லிடு," என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரைக் கோயில் மதிலோரம் தனியாகக் கூப்பிட்டேன். சொல்லவேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"அண்ணே, அந்த டிவி புரோகிராமே கேன்சல் ஆயிடுச்சாம்," என்றேன்.

அவர் என் தோளைப் பார்த்தார். பாடும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"சர்தான், வுடு. இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? வேற வரும்," என்றார். அப்புறம், "டூட்டிய திருப்பி வாங்கிக்கறேன். அவன் பாவம், லீவு கேட்டுக்கினு இருந்தான்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

படப்பிடிப்பு நாளன்று நானும் ஸ்டெல்லாவும் அருளும் லஸ் முனையில் ஆட்டோவுக்கு நின்றோம். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரே நிறப் பட்டுப்புடவை. முகத்தில் கனமான பவுடர். காலை பத்து மணி. சிக்னலில் ஒரு பேருந்து வந்து நின்றது. பின்பக்க ஜன்னலோரம், கண்டக்டர் இருக்கையில், அவர்.

நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவையோடு, சீவிப் போட்ட மட்டைகளுக்கு நடுவில். இளநீர்க்காரர், "இன்னாம்மா, மயக்கமா?" என்று குனிந்தார். அருளும் ஸ்டெல்லாவும் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். விசில் சத்தம் கேட்டது. இரண்டு விசில். பேருந்து கிளம்பிப் போனது. அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டோம். நடுவர்களில் ஒருவர், "எல்லாம் சரி, ஆனா கீழ காலியா இருக்கே. ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரி," என்றார். கீபோர்டு சரியாகத்தான் வாசித்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை அது ஒளிபரப்பானது. அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவேண்டாம் என்றிருந்தேன். போனேன். அவர் சுவரோரம் தன் இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா சுருதி இன்னிக்கி?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை.

அண்ணிதான் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டிவில பாத்தேன். நல்லா பாடின பிலோ. இந்த மனுசனுக்குத்தான் குடுத்து வெக்கல," என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அண்ணி வருகிற பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். அண்ணி காய்ச்சலில் விழுந்து இறந்துபோகும்வரை அப்படித்தான் இருந்தேன்.

குழு தானாகவே கலைந்தது. அருள் துபாய்க்குப் போனான். ஸ்டெல்லா கணவரோடு பெங்களூர் போனாள். கோயிலில் அவரும் நானும் மட்டும் மிச்சம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பாட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரை நொடி தாமதமாக வரத் தொடங்கினார். முப்பது வருட ஹாரன் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஒருநாள் பாட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"இனிமே நான் கெடுத்துடுவேன் பிலோ. நீங்க பாடறது எனக்குக் கேக்கல."

"காது கேக்காதவங்க எத்தனையோ பேர் பாடறாங்கண்ணே. மனசுல இருக்கே பாட்டு."

"அவங்க தனியா பாடறவங்க," என்றார்.

அதன் பிறகு சில மாதங்கள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஹவுசிங் போர்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். பெரும்பாக்கத்தில் மகள் லில்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு தவக்காலத்தில், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், நான் அந்த டிவி விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அதைப் பாவக் கணக்கில் சேர்க்காமலே வருடா வருடம் முழந்தாளிட்டு வந்திருக்கிறேன். சாமியார், "ஆள் உயிரோட இருக்காரா? அப்ப என்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?" என்றார்.

மறுநாள் பெரும்பாக்கம் போனேன். அடுக்கடுக்காக ஒரே மாதிரி கட்டடங்கள். ஐந்தாவது மாடி. எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரிலிருந்த அண்ணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"இன்னா?"

"ஒண்ணு சொல்லணும்ணே."

"இன்னும் துன்னலையா? லில்லி! பிலோ ஒண்ணும் துன்னலையாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

இருபது வருடம் அடியில் வைத்திருந்ததை ஐந்தாவது மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். எனக்கு வாய் வரவில்லை.

லில்லி டீ கொண்டுவந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "அம்மாவுக்கு அந்த டிவி விசயந்தான் ஆன்ட்டி கடைசி வரைக்கும் ஆறவே இல்ல," என்றாள்.

டீ டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"பக்கத்து வூட்டம்மா ஓடியாந்து, உங்க ஆளுங்க டிவில பாடறாங்கன்னு சொன்னாங்க. போட்டுப் பாத்தா நீங்க மூணு பேருதான். அம்மா கேட்டுச்சு, 'புரோகிராமு கேன்சல்னியே?'ன்னு. அப்பாதான் அப்ப ஒத்துக்கினாரு. தொண்ட கட்டிக்கிச்சாம், பாட முடியலயாம், சொல்ல வெக்கப்பட்டுக்கினு கேன்சல்னு பொய் சொல்லிட்டாராம். ஐஸ் மோரு குடிக்காதன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும். ஆறு மாசம் அப்பாகூட பேசல ஆன்ட்டி. சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு. 'ஒரே ஒரு வாட்டி உன் மூஞ்சிய ஊருக்குக் காட்டலாம்னு இருந்தேன், அதயும் கெடுத்துக்கினே'ன்னு. எனக்கே அப்பா மேல கோவந்தான், இன்னிக்கு வரைக்கும்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் லில்லியிடம் சொன்னேன். கத்தவேண்டிய அவசியம் இல்லை. சாதாரணக் குரலிலேயே சொன்னேன். தயாரிப்பாளர் சொன்னது, நான் உடனே சரி என்றது, மதிலோரம் நான் சொன்ன பொய், இளநீர் வண்டி, எல்லாம். "உங்கப்பாவுக்குத் தொண்டையும் கட்டல, ஒண்ணும் கட்டல," என்றேன்.

அவள் என் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அம்மா இருக்கசொல்லோ சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி," என்றாள்.

"இன்னா பேசிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்?" என்றார் அவர்.

லில்லி அவர் காதருகில் குனிந்து, "ஒண்ணுமில்லப்பா! சும்மா!" என்று கத்தினாள். குரல் உடைந்திருந்தது. அது அவருக்குக் கேட்டிருக்காது.

நான் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வரவில்லை. அவர்தான் ஐந்து மாடியும் என்னோடு படியிறங்கி வந்தார். வழியில் யாராவது எதிர்ப்பட்டால், "எங்க குரூப்பு பாட்டுக்காரம்மா," என்று சத்தமாகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து லில்லி போன் செய்தாள்.

"அப்பாகிட்ட கேட்டேன் ஆன்ட்டி. நீங்க சொன்னதெல்லாம் நோட்டுல எழுதிக் காட்டிக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"படிச்சிட்டு சிரிக்கிறாரு. 'பிலோவுக்கு இன்னா, வயசாயிடுச்சு, மாத்தி மாத்தி நெனச்சிக்கிறா. அன்னிக்கு எனக்குத் தொண்டதான் கட்டிக்கிச்சு'ங்கறாரு. ரெண்டு மூணு வாட்டி கேட்டுட்டேன். அதையேதான் சொல்றாரு."

"லில்லி, நான் சொன்னதுதான் நிஜம். என்னை நம்பு."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் மூடுவது கேட்டது.

"இந்த வயசுல அப்பா எதுக்கு ஆன்ட்டி பொய் சொல்லப்போறாரு?" என்றாள்.